போக்கரில் பெட், ரெய்ஸ்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நான் தினமும் தே தாரிக் குடிக்கும் ஒட்டுக்கடையில், செம்பனைத் தோட்டத்து வேலை முடிந்து வரும் நாலைந்து பையன்கள் ஹேண்ட்போனில் போக்கர் ஆடுகிறார்கள். இலவச சில்லுதான். சூதாட்ட விடுதிகளுக்கு எதிரான 1953ஆம் ஆண்டுச் சட்டம் இங்கே இன்னும் நடப்பில் இருக்கிறது, காசு வைத்து ஆடும் பக்கமே போகாதீர்கள் என்று அவர்களிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். நேற்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பத்து வருஷத்துக்கு முன்னால் நான் செய்த தவறுகளையே ஒன்றுவிடாமல் செய்கிறார்கள். எந்தச் சீட்டு எதைவிடப் பெரிது என்பதையெல்லாம் ஆப்பே காட்டிவிடும், அதை விடுவோம். முதலில் சில்லு வைப்பது பெட், அதே தொகையைக் கட்டினால் கால், அதற்கு மேல் ஏற்றினால் ரெய்ஸ், சீட்டை விட்டுவிட்டால் ஃபோல்ட்.

கட்டத்தில் அடிக்கும் எண்

எதிராளி 200 பெட் வைக்கிறார். அதற்கு மேல் 400 ஏற்ற நினைத்து 400 என்று அடித்தால், ஏறுவது 200தான். பெரும்பாலான ஆப்களில் அந்தக் கட்டம் கேட்பது மொத்தத் தொகை. அடிக்க வேண்டியது 600.

குறைந்தபட்ச ரெய்ஸ் எப்போதும் இரண்டு மடங்கு இல்லை

முதல் ரெய்ஸுக்கு இரண்டு மடங்கு என்ற கணக்கு சரியாக வரும், அதனால்தான் எல்லாரும் அதையே பிடித்துக்கொள்கிறார்கள். ஒருவர் 100 வைத்து, இன்னொருவர் அதை 300 ஆக்கினால் ஏறியது 200. அடுத்தவர் குறைந்தது அதே 200 ஏற்ற வேண்டும், ஆக 500 போதும். 600 தேவையில்லை.

முழு ரெய்ஸ் ஆகாத ஆல்-இன்

இதைச் சொல்லத்தான் எழுதவே உட்கார்ந்தேன். நேற்று ஒரு தம்பி கையில் இரண்டு எட்டு, ஃப்ளாப்பில், அதாவது மேசையில் முதலில் திறக்கும் மூன்று பொதுச் சீட்டில், மூன்றாவது எட்டு. 1000 பெட் வைத்தான். அடுத்தவர் கால். மூன்றாமவரிடம் மிச்சம் இருந்ததே 1400, அதை மொத்தமாக வைத்து அவர் ஆல்-இன். தம்பி இதற்காகத்தான் காத்திருந்தான், இருக்கிற சில்லையெல்லாம் தள்ளிவிடலாம் என்று திரையைப் பார்த்தால் ஃபோல்ட், கால் என இரண்டே பட்டன். "அண்ணே, லைன் பிரச்சனையா, ரெய்ஸ் பட்டனே வரல" என்று ஹேண்ட்போனை என்னிடம் நீட்டினான். நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

லைனில் ஒன்றுமில்லை, விதியே அதுதான். எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றலாம் என்ற நோ-லிமிட் ஆட்டத்தில் அவன் வைத்த 1000-க்கு மேல் முழு ரெய்ஸ் என்றால் இன்னொரு 1000 ஏறி 2000 ஆக வேண்டும். இங்கே ஏறியது 400. இப்படிக் குறைந்துபோன ஆல்-இன், ஏற்கனவே தன் முறையை ஆடிவிட்டவருக்கு மறுபடி ஏற்றும் உரிமையைத் தராது. அந்த 400-ஐக் கட்டலாம், இல்லையென்றால் சீட்டை விட்டுவிடலாம், அவ்வளவுதான். இன்னும் முறை வராத ஒருவர் இருந்தால் அவர் தாராளமாக ஏற்றலாம், அவர் முழு ரெய்ஸ் செய்துவிட்டால் தம்பிக்கும் பட்டன் திரும்பி வரும். ஆனால் நாலாவது ஆள் அங்கே இல்லை. இரண்டாமவர் வெறும் 400 கட்டி நாலாவது பொதுச் சீட்டான டர்னைப் பார்த்தார், வரிசையாக ஐந்து சீட்டு சேர்ந்து அவருக்கு ஸ்ட்ரைட் அமைந்துவிட்டது, தம்பியின் சில்லெல்லாம் அங்கேயே முடிந்தது.

எனக்கும் இதே அடி விழுந்திருக்கிறது. நாலு மணி நேரம் ஆடி இலவசப் போட்டியின் கடைசி மேசைக்கு வந்திருந்தேன். சீட்டுப் பார்க்கும் முன் இருவர் கட்டாயமாக வைக்கும் பிளைண்ட் 500, 1000. கையில் இரண்டு ஏஸ். பின்னால் சில்லு குறைந்த ஒருவர் எப்படியும் ஆல்-இன் போவார், அப்புறம் ஏற்றிக்கொள்ளலாம் என்று வெறும் 1000 கால் செய்தேன். அவரும் போனார், 1600-க்கு. முழு ரெய்ஸுக்கு 2000 வேண்டும். பிளைண்டில் இருந்த இருவரும் கால் செய்ய, என் ஏஸ்களோடு 600 கட்டி மூன்று பேரை எதிர்த்து ஃப்ளாப் பார்க்க வேண்டியதாயிற்று. தோற்றேன். அவருடைய பெயருக்குக் கீழேயே 1600 என்று எழுதியிருந்தது, நான் பார்க்கவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சல் வருகிறது.

அதனால், பிறகு ஏற்றலாம் என்று காத்திருக்கும் முன் உங்களுக்குப் பின்னால் இருப்பவர்களின் சில்லைப் படியுங்கள். அது முழு ரெய்ஸுக்கு எட்டாது என்றால் வேண்டியதை இப்போதே பெரிதாக வையுங்கள். இரண்டு பேர் அடுத்தடுத்து குறைந்த ஆல்-இன் போய், உங்கள் 1000 பெட்டுக்கு எதிரே 2100 வந்து நின்றால், கூடுதல் 1100 முழு ரெய்ஸைத் தாண்டிவிட்டது. போக்கர் போட்டி இயக்குநர்கள் சங்கத்தின் விதிப்படி அப்போது நீங்கள் ஏற்றலாம். பெட் தொகை முன்பே நிர்ணயித்த லிமிட் ஆட்டத்தில் கணக்கே வேறு, அங்கே ஒரு பெட்டில் பாதி ஏறினாலே போதும். இரண்டு ஆட்டமும் மாறி மாறி ஆடுகிறவர்கள் குழம்புவது இங்கேதான்.

பாட்-லிமிட் கணக்கு

இந்த ஆட்டத்தில் பாட், அதாவது நடுவில் சேர்ந்திருக்கும் சில்லு, எவ்வளவோ அவ்வளவுதான் ஏற்றலாம். பாட்டில் 100, எதிராளி 50 வைக்கிறார். முதலில் உங்கள் கால் 50-ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள், 200 ஆகும். அதற்கு மேல் 200 வரை ஏற்றலாம். அடிக்கும் எண் அதிகபட்சம் 250.

'எவ்வளவானாலும் கால்' என்ற கட்டம்

எதிராளி எவ்வளவு வைத்தாலும் ஆப் தானே கட்டிவிடும் இந்தக் கட்டத்தில் டிக் போடவே போடாதீர்கள்.

பிக் பிளைண்டில் இருக்கும்போது

இரண்டு பிளைண்டில் பெரியதை வைத்தவர் நீங்கள் என்றால், எல்லாரும் கால் மட்டும் செய்திருந்தாலும், ஃப்ளாப் வருமுன் நீங்கள் ஏற்றலாம்.