விழித்திரைக் கிழிசலுக்கு லேசர் வைத்த பிறகு என்ன செய்ய வேண்டும்

லேசர் முடிந்ததும் ஓட்டை அடைபட்டுவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். கிழிசல் அப்படியேதான் இருக்கிறது. அதைச் சுற்றிச் சில வரிசை சூடு வைத்து, கண்ணின் பின்புறம் ஒளியை உணரும் விழித்திரையை அடியிலுள்ள படலத்தோடு ஒட்டவைக்கிறார்கள், அவ்வளவுதான். அந்தப் புள்ளிகள் தழும்பாகி இறுக 10 முதல் 14 நாள் பிடிக்கும். அதற்குள் கண்ணுக்குள்ளிருக்கும் ஜெல்லி கிழிசலின் விளிம்பைப் பிடித்து இழுத்தால், நீர் அடியில் புகுந்து விழித்திரை பிரிந்துவிடலாம்.

முதல் நாள் பார்வை மங்கலாக இருக்கும். கண் பாப்பாவை விரிக்கப் போட்ட சொட்டு மருந்து தெளியப் பொதுவாக 4 முதல் 6 மணி நேரம் ஆகும். அதுவரை வண்டி ஓட்டக்கூடாது. லேசருக்குப் பதில் உறைய வைக்கும் கிரையோ சிகிச்சை என்றால் சில நாள் கண் சிவந்து, இமை வீங்கும். வலிக்குப் பாராசிட்டமால் போதும். வலி கூடிக்கொண்டே போய்ப் பார்வையும் குறைந்தால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

இரண்டு வாரம் சிலிண்டர், தண்ணீர்க் குடம், அரிசி மூட்டை தூக்க வேண்டாம். ஜிம், ஓட்டம், குண்டும் குழியுமான சாலையில் பைக் சவாரியும் வேண்டாம். இந்தத் தடைகளுக்கு வலுவான ஆய்வுச் சான்று இல்லை. ஆனாலும் இரண்டு வாரம் பொறுத்துக்கொள்வதில் நஷ்டமில்லை. புத்தகம், போன், டிவி, அலுவலக வேலை எதுவும் தழும்பைக் கெடுக்காது.

பிரிந்த விழித்திரையை ஒட்டவைக்கக் கண்ணுக்குள் வாயு செலுத்தியிருந்தால் கணக்கே வேறு. விமானம் ஏறக்கூடாது, ஊட்டி, கொடைக்கானல் மலைப்பாதையும் கூடாது. மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும், வாயு விரியும், கண் அழுத்தம் ஏறிப் பார்வையே போகலாம். நைட்ரஸ் ஆக்சைடு மயக்க மருந்தும் அதே அளவு ஆபத்து. கண்ணுக்குள் செலுத்தும் வாயுக்களில் எஸ்எஃப்6 கரையச் சுமார் 2 வாரம், சி3எஃப்8 கரைய 6 முதல் 8 வாரம். தலையை எந்தப் பக்கம் வைத்துப் படுப்பது என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வெறும் லேசர் மட்டும் என்றால் வாயுவுக்கான இந்தத் தடை எதுவும் இல்லை.

தினமும் காலையில் ஒரு நிமிடச் சோதனை: கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு கண்ணை மூடி, சுவர்க் காலண்டரின் நடுவில் ஒரு எழுத்தையே பாருங்கள். மேல், கீழ், இடம், வலம் நான்கு பக்கமும் தெரிகிறதா? பிறகு மறு கண். இரண்டு கண்ணையும் திறந்து பார்த்தால் ஒன்றின் குறையை இன்னொன்று மறைத்துவிடும். நிழல் எதிர்ப்பக்கத்தில் விழும் என்பதும் நினைவிருக்கட்டும்: மேல்பக்கக் கிழிசல் பிரிந்தால் கீழிருந்துதான் இருட்டு ஏறும்.

கண்முன் பூச்சிபோல் தெரியும் பழைய புள்ளிகள் மிதந்துகொண்டேதான் இருக்கும். லேசர் அவற்றை எடுக்காது. மின்னல் வெட்டும் சில வாரங்கள் அவ்வப்போது தெரியலாம். ஆனால் திடீரென்று மிளகுப்பொடி தூவியதுபோல் புதிய புள்ளிகள், அடிக்கடி மின்னல், ஓரத்தில் திரை, இவற்றில் எது வந்தாலும் அன்றே போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை என்று தள்ளிப்போடுவதுதான் மிகப் பெரிய தவறு.

மறுபரிசோதனை பொதுவாக 1–2 வாரத்தில், 4–6 வாரத்தில், 3–6 மாதத்தில், பிறகு ஆண்டுக்கு ஒருமுறை. முதல் வருகையைத் தவறவிடவே கூடாது. கிழிசலின் முன்விளிம்பு விழித்திரையின் ஓரக்கோடியில் இருப்பதால் லேசர் அங்கே எட்டாமல் போவதுண்டு. பின்னாளில் பிரிவதும் பெரும்பாலும் அந்த இடைவெளி வழியாகத்தான். அதைக் கண்டுபிடித்து மீண்டும் சூடு வைப்பது அந்த வருகையில்தான். ஒவ்வொரு முறையும் இரண்டு கண்ணையும் விரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். வேறிடத்தில் புதிய கிழிசல் வரலாம், மறு கண்ணிலும் வரலாம்.

எந்தக் கண், கிழிசல் கடிகார முள் கணக்கில் எத்தனை மணித் திசை, சிகிச்சை தேதி, இம்மூன்றும் எழுதிய சீட்டைப் பத்திரமாக வையுங்கள். கண்புரை அறுவைக்கு முன்பும், கண் பாப்பாவைச் சுருக்கும் பைலோகார்பைன் சொட்டு மருந்து எழுதும்போதும் மருத்துவர் அதைப் பார்க்க வேண்டும். கண்ணாடியைத் தவிர்க்கும் லாசிக் அறுவை செய்து மைனஸ் பவர் போய்விட்டாலும் கண்ணின் நீளம் குறைவதில்லை. ஓரத்தில் மெலிந்த விழித்திரை அப்படியேதான் இருக்கும்.