மழை தப்பிய இளவேனிலில் காய்கறிப் பாத்தி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இளவேனிலில் மழை ஏமாற்றிவிட்டால், தோட்டம் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் செய்வது ஒன்றுதான். தினமும் பூவாளியோடு ஒரு சுற்று வந்து எல்லாச் செடிக்கும் கொஞ்சம் கொஞ்சம் தெளிப்பார்கள். அக்கறையோடு செய்கிற வேலைதான், ஆனால் வறண்ட நாட்களில் செடியை அதிகம் பலவீனப்படுத்துவது இந்தத் தெளிப்புதான். தெளித்து அரை மணி நேரம் கழித்து, செடிக்குச் சற்றுத் தள்ளிக் கைக்கரண்டியால் தோண்டிப் பாருங்கள். மேலே இரண்டு விரற்கடைக்கு மண் கறுத்து ஈரமாக இருக்கும். அதற்குக் கீழே வெளிறிப்போன மண், விரலால் தொட்டாலே பொடிப்பொடியாக உதிரும். ஈரம் இருக்கும் இடத்தில்தான் வேர் பிடிக்கும். மேல்மண்ணிலேயே வேர் பரவிய செடி, வெயிலும் காற்றும் சேர்ந்து அடிக்கிற ஒரே நாளில் துவண்டுவிடும்.

ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர் தண்ணீர். வளரும் காய்கறிகளுக்கு வாரத்துக்குச் சுமார் 25 மில்லிமீட்டர் என்பது பொதுவான கணக்கு. அதாவது சதுர மீட்டருக்கு 25 லிட்டர். இதை ஏழு நாளுக்குப் பங்கு போடாமல் இரண்டு தடவையாக ஊற்றினால், ஈரம் ஒரு சாண் ஆழம்வரை இறங்க வாய்ப்பு உண்டு. மணல்பாங்கான மண் என்றால் தண்ணீர் நிற்காது, மூன்று தடவையாகப் பிரிக்கலாம். களிமண் ஈரத்தை நெடுநாள் பிடித்து வைக்கும், இடைவெளியைக் கூட்டலாம். கணக்கு எதுவாக இருந்தாலும், ஊற்றிய பிறகு ஒரு தடவையாவது தோண்டிப் பார்த்தால்தான் உங்கள் மண்ணின் குணம் பிடிபடும்.

ரொம்பக் காய்ந்த மண் தண்ணீரை உடனே உள்ளே விடாது. ஊற்றியது உருண்டு பாத்தியின் ஓரமாக ஓடிவிடும். அப்படி ஓடினால், முதலில் லேசாக நனைத்துவிட்டுப் பத்து நிமிடம் பொறுங்கள். அப்புறம் மெதுவாக ஊற்றுங்கள். மேலே ஓடு கட்டியிருந்தால் களைக்கொத்தியால் மேலாகக் கீறிவிடலாம். ஆழமாகக் கொத்திப் புரட்டுவது மட்டும் வேண்டாம், அடியில் மிச்சமிருக்கும் ஈரமும் மேலே வந்து காய்ந்துபோகும்.

மதியம் இலை தொங்கியதும் பதறி ஊற்றுவதும் அடிக்கடி நடப்பது. பூசணி, வெள்ளரி போன்ற அகன்ற இலைச் செடிகள், வேரில் ஈரம் இருந்தாலும் உச்சிவெயிலில் தளர்ந்து, மாலையில் தானே நிமிர்ந்துகொள்ளும். விடியற்காலையில் போய்ப் பாருங்கள். அப்போதும் இலை தொங்கியிருந்து, மண்ணும் காய்ந்திருந்தால்தான் தண்ணீர்ப் பஞ்சம். மண் ஈரமாக இருந்தும் வாடினால் வேர் அழுகலோ வேறு நோயோ இருக்கலாம், அதற்கு மேலும் ஊற்றுவது கெடுதல். ஊற்றுவதற்கு அதிகாலைதான் நல்ல நேரம். இலைமேல் வேண்டாம், தூரில் ஊற்றுங்கள்.

விதையும் இளநாற்றும் மட்டும் இந்தக் கணக்குக்குள் வராது. அவற்றுக்கு வேர் இன்னும் இறங்கவில்லை, மேல்மண் காயவே கூடாது. கேரட் விதை முளைக்க இரண்டு மூன்று வாரம்கூட ஆகும், நடுவில் ஒரு நாள் காய்ந்தாலும் முளை கருகிவிடும். பலரும் விதைத்துவிட்டு மேலே ஊற்றுகிறார்கள். அதில் விதை அரித்துக்கொண்டு போகும், மண்ணும் இறுகும். முதலில் விதைக்கும் சால் பள்ளத்தை நன்றாக நனைத்து, ஈர மண்ணில் விதையைத் தூவி, மேலே காய்ந்த பொடிமண்ணைப் போட்டு மூடுங்கள். ஈரச் சாக்கு போர்த்தியும் வைக்கலாம், ஆனால் தினமும் தூக்கிப் பார்த்து, முளை தெரிந்த அன்றே எடுத்துவிட வேண்டும்.

வைக்கோல், புல் போன்றவற்றால் மண்ணைப் போர்த்துகிற மூடாக்கு நல்லதுதான், காய்ந்த மண்மேல் போட்டால் மட்டும் பலன் இல்லை. சின்னத் தூறலை அது உள்ளே விடாமல் தானே குடித்துவிடும். ஆழமாகத் தண்ணீர் விட்ட பிறகு 5 முதல் 7 செ.மீ. கனத்துக்குப் பரப்புங்கள், தண்டை ஒட்டாமல் இரண்டு விரல் தள்ளி. பச்சைப் புல்லை ஒரேயடியாகக் குவித்தால் கொழகொழத்து நாறும், மெல்லிய அடுக்காகப் போடுங்கள். மண் இன்னும் குளிர்ந்தே இருந்தால், சூடேறும்வரை பொறுத்திருப்பது நல்லது.

செடி வளரவில்லையே என்று உரம் வைப்பது இன்னொரு தவறு. காய்ந்த மண்ணில் உரத்தின் உப்பு வேரைக் கருக்கிவிடும். தழைச்சத்து (நைட்ரஜன்) கூடினால் இலை பெருகும், பெருகிய இலை இன்னும் தண்ணீர் கேட்கும். மண் ஈரமாகும்வரை உரத்தைத் தொடாதீர்கள்.

தண்ணீர் குறைவாக இருக்கும்போது எல்லாச் செடிக்கும் சமமாகப் பங்கிடுவது நியாயமாகத் தோன்றும், ஆனால் விளைச்சலுக்கு உதவாது. புதிதாக நட்ட நாற்றுக்கு முதல் பங்கு. பீன்ஸ், பட்டாணிக்குப் பூக்கும்போதும் காய் பிடிக்கும்போதும் தண்ணீர் தப்பக் கூடாது. உருளைக்குக் கிழங்கு கட்டும் சமயம். கீரைகளுக்கு எப்போதும் ஈரம் வேண்டும், இல்லாவிட்டால் சீக்கிரமே பூத்தண்டு விட்டு இலை கசந்துபோகும். களையையும் நெருக்கமாக முளைத்த உபரிச் செடியையும் தயங்காமல் எடுத்துவிடுங்கள், அவை குடிப்பதும் அதே தண்ணீரைத்தான்.

தக்காளிக் காயின் அடிப்பக்கம் கறுத்துக் குழிவிழுந்தால் பூச்சிமருந்து தேட வேண்டாம். ஒரு வாரம் காயவிட்டு மறுவாரம் வெள்ளமாக விட்டால், மண்ணில் சுண்ணாம்புச் சத்து இருந்தும் அது காய்க்குப் போய்ச் சேராது. பழம் வெடிப்பதற்கும் பெரும்பாலும் இந்த ஏற்ற இறக்கமே காரணம். கெட்ட காய்களைப் பறித்துவிட்டு, தண்ணீரை ஒரே சீராக விட்டு வந்தால், அடுத்து வரும் கொத்துகளில் காய் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும்.