இரண்டு டாக்டர்கள், ஒரே தாள்: அரசுக் காப்பீட்டில் உடல், மனச் சிகிச்சையை இணைப்பது எப்படி?

சர்க்கரைக்கு ஓரிடம், மனச்சோர்வுக்கு வேறோர் இடம் என்று அலைபவர்களுக்காக இதை எழுதுகிறேன். இரு மருத்துவர்களும் அக்கறையுள்ளவர்களாகவே இருக்கலாம். ஆனால் ஒருவர் எழுதிய சீட்டு மற்றவர் கண்ணில் படாமலே போகிறது. ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

படி 1: உங்கள் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தின் உதவி எண்ணை அழையுங்கள். மனநலச் சிகிச்சை அதே திட்டத்தில் அடங்குகிறதா, வேறு அமைப்பிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். "மனநலமும் உண்டு" என்ற பதிலோடு விட்டுவிடாதீர்கள். ஆலோசனை, மாத்திரை, மருத்துவமனையில் தங்குவது மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். எந்தச் சிகிச்சைக்குத் திட்டத்திடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். இரு சிகிச்சைகளையும் இணைத்துப் பார்க்கும் சிகிச்சை ஒருங்கிணைப்பாளர் இருந்தால் அவர் பெயரைக் கேட்டு வாங்குங்கள். பல திட்டங்களில் நாமாகக் கேட்டால்தான் அப்படி ஒருவர் இருப்பதே தெரியவரும்.

படி 2: ஒரு தாள் தயாரியுங்கள். என்னைக் கேட்டால் மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம். மாத்திரையின் பெயர், அளவு, வேளை, எழுதியவர், எந்த நோய்க்கு என்று ஐந்து கட்டங்கள் போதும். கடையில் நாமாக வாங்கும் வலி மாத்திரையும் அதில் இருக்கட்டும். லித்தியம் என்ற மனநல மாத்திரை சாப்பிடுபவர் முழங்கால் வலிக்கு ஐபுபுரூஃபன் போட்டுக்கொண்டால், ரத்தத்தில் லித்தியம் நச்சு அளவுக்கு ஏறக்கூடும். சில ரத்த அழுத்த மாத்திரைகளும் அப்படித்தான். ஓலான்சபின் என்ற மனநல மாத்திரை எடையையும் சர்க்கரையையும் கூட்டலாம். தைராய்டு குறைந்தாலோ அறிகுறிகள் மனச்சோர்வு போலவே தெரியும். இந்தத் தாளை இருவரிடமும் காட்டுங்கள். எதையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

படி 3: தகவல் பகிர்வு ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடுங்கள். மருந்துகளையும் பரிசோதனை முடிவுகளையும் மட்டும் பகிரலாம் என்று வரம்பு வைக்க முடியுமா என்று கேளுங்கள். ஆலோசகரிடம் மனம்விட்டுச் சொன்னதையெல்லாம் எல்லோரும் படிக்க வேண்டியதில்லை.

படி 4: பரிசோதனை நாட்களை நாட்காட்டியில் எழுதுங்கள். ஓலான்சபின் போன்றவற்றுக்கு எடை, சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைத் தொடங்கும்போதும், மூன்றாம் மாதமும், பிறகு ஆண்டுதோறும் பார்ப்பது வழக்கம். லித்தியத்துக்குச் சிறுநீரகமும் தைராய்டும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை.

பொது மருத்துவரே மனச்சோர்வை அளவிடும் பி.எச்.க்யூ-9 என்ற வினாப்பட்டியலைக் கொடுக்கலாம். 9 கேள்விகள், மொத்தம் 27 மதிப்பெண். 10-ஐத் தொட்டால் மனநல மருத்துவரிடம் பேசுங்கள். ஒன்பதாவது கேள்வி தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணத்தைப் பற்றியது. அந்த எண்ணம் வலுத்தால் திட்டத்தின் அனுமதிக்கோ ஒருங்கிணைப்பாளருக்கோ காத்திராமல் அப்போதே அவசர சிகிச்சைக்குச் செல்லுங்கள்.

காப்பீடு மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். மேல்முறையீட்டோடு உங்கள் மாத்திரைத் தாளின் நகலையும் இணைத்து அனுப்புங்கள்.