பதக்கத்தைப் பிரிக்காதீர்கள்: டர்பனில் காசு சேர்க்கும் தம்பிகளுக்கு

டர்பனில் புதிதாகக் காசும் பதக்கமும் சேர்க்க வருகிறவர்களைப் பார்க்கிறேன். அந்தக் காலத்தில் நாங்கள் செய்த தவறுகளையே வரிசை மாறாமல் செய்கிறார்கள். காசை விளிம்பில் பிடி, போலியா என்று பார்த்து வாங்கு என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

புளி போட்டுத் தேய்ப்பது

குத்துவிளக்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மண்டேலா காசு

2008இல் மண்டேலாவின் 90ஆவது பிறந்தநாளுக்கு வந்த ஐந்து ராண்ட் காசு புழக்கத்துக்கென்றே அச்சிடப்பட்டது. பையில் கிடந்து தேய்ந்த காசுக்கு ஆயிரக்கணக்கில் கேட்பவர்கள் இருக்கிறார்கள். கடையில் கொடுத்தால் அதற்கு ஐந்து ராண்ட் சாமான்தான் வரும்.

வெள்ளியை எடைக்குப் போடுவது

1923 முதல் 1950 வரையிலான நம் வெள்ளிக் காசுகளில் 80 சதவீதம் வெள்ளி. 1951 முதல் 1964 வரை 50 சதவீதம்தான். எடைக்கு வாங்குபவருக்கு இது தெரியும், விற்கப் போகிறவருக்குத்தான் தெரிவதில்லை. பதக்கத்தை மட்டும் எடைக்குப் போடவே கூடாது. 1980 வாக்கில் வெள்ளி விலை ஏறியபோது முதல் உலகப் போரின் பிரிட்டிஷ் போர்ப் பதக்கங்கள் ஏராளமாக உருக்கப்பட்டன. அதோடு ஜோடியாகக் கொடுத்த வெற்றிப் பதக்கம் வெண்கலம், அதனால் தப்பித்தது. பின்பக்கம் ஆங்கிலமும் டச்சும் சேர்ந்திருந்தால் அது தென்னாப்பிரிக்காவுக்குச் செய்தது. அப்படி ஒன்று தனியாகக் கிடைத்தால், அதன் ஜோடி உருகிப் போயிருக்கலாம்.

ஒருவருடைய பதக்கங்களைப் பிரிப்பது

எனக்கு இன்னும் ஆறாத எரிச்சல் இதுதான். சாட்ஸ்வர்த்தில் ஒரு தம்பி ஐந்து பதக்கங்கள் கோத்த பட்டையைக் காட்டினான். இரண்டாம் உலகப் போரில் தென்னாப்பிரிக்காவின் இந்திய மலாய்ப் படைப்பிரிவில் இருந்த ஒரு தாத்தாவுடையது. குடும்பத்தாரே விற்றிருக்கிறார்கள். ஆப்பிரிக்கப் போர்முனைக்குக் கொடுத்த நட்சத்திர வடிவப் பதக்கமான ஆப்பிரிக்க நட்சத்திரத்தின் மணல் நிற ரிப்பன் மங்கி, நடுவிலுள்ள சிவப்புக் கோட்டின் ஓரம் நைந்திருந்தது. அதில் தொங்கிய நட்சத்திரம் மட்டும் பளபளவென்று இருந்தது. திருப்பிப் பார்த்தேன், பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

"இங்கிலாந்துக்காரர் ஒருவரோடு மாற்றிக்கொண்டேன் அண்ணா. அதே நட்சத்திரம்தான், மேலே ஒரு பை பழைய காசும் கொடுத்தார்" என்றான்.

அதே நட்சத்திரம் இல்லை. இரண்டாம் போரின் நட்சத்திரங்களைப் பிரிட்டன் தன் வீரர்களுக்குப் பெயர் பொறிக்காமல் கொடுத்தது. தென்னாப்பிரிக்கா எண்ணும் பெயரும் பொறித்துக் கொடுத்தது: நட்சத்திரத்துக்குப் பின்பக்கம், வட்டப் பதக்கத்துக்கு விளிம்பில். வாங்கியவருக்கு இது நன்றாகவே தெரிந்திருக்கும்.

விலை இறங்கியது ஒரு பக்கம். நம்மவர்களைத் துப்பாக்கி கொடுக்காமல் லாரி ஓட்டவும் காயம்பட்டவர்களைத் தூக்கவும் வைத்த படை அது. அந்த மனிதர் வட ஆப்பிரிக்காவுக்குப் போனதற்கு வீட்டில் மிஞ்சிய சான்று அந்த நட்சத்திரம். மற்ற நான்கையும் அதையும் சேர்த்துப் பார்த்தால்தான் அவர் எங்கெங்கே இருந்தார் என்பது விளங்கும். ஒன்றை உருவிவிட்டால் கதை அறுந்துவிடும். திரும்ப வாங்கலாமா என்றால், அது இப்போது யார் கையில் இருக்கிறதோ!

அதனால் பட்டையைப் பிரிக்கும் முன், ஏன், வாங்கிய அன்றே, ஒவ்வொன்றிலும் உள்ள எண்ணை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பெயரை மட்டும் நம்ப வேண்டாம். முனுசாமியும் கோவிந்தசாமியும் நேட்டாலில் எத்தனையோ பேர். குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதிய எழுத்துக்கூட்டல் வேறு. எண்தான் ஆளைக் காட்டும். அதை வைத்துப் பாதுகாப்புத் துறையின் ஆவணக் காப்பகத்தில் அவருடைய சேவைப் பதிவைக் கேட்கலாம். விற்றவர் வீட்டில் படமோ சம்பளப் புத்தகமோ இருந்தால் நகல் எடுத்துப் பதக்கங்களோடு வையுங்கள். மாற்றிக்கொள்வதற்குக் காசு இருக்கிறது, இரட்டைப்படி இருப்பதைத் தாராளமாகக் கொடுங்கள்.

மென்மையான பிளாஸ்டிக் ஆல்பம்

பிவிசி என்றால் வேண்டாம். காசில் பச்சைப் பிசின் படியும்.

தபாலில் வெளிநாட்டுக்கு அனுப்புவது

1999ஆம் ஆண்டின் தேசியப் பாரம்பரிய வளச் சட்டப்படி, பாரம்பரியப் பொருளாக அறிவிக்கப்பட்டதை அனுமதி இல்லாமல் நாட்டைவிட்டு அனுப்பக் கூடாது. பழைய போர்ப் பதக்கம் என்றால் முதலில் விசாரியுங்கள், அப்புறம் உறையை ஒட்டுங்கள்.