பழைய கிராபிக்ஸ் கார்டும் புதிய கார்டும்: ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோர் (சிப்பில் கணக்குப் போடும் சிறு அலகு) எண்ணிக்கையைப் பார்த்து கார்டை எடை போடுவதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. 2018-இல் வந்த என்விடியா கம்பெனியின் ஆர்டிஎக்ஸ் 2080 டிஐ-யில் 4352 கூடா கோர்கள் (என்விடியா தன் கோர்களுக்கு வைத்த பெயர்). 2020-இல் வந்த 3070-இல் 5888. காகிதத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுதல். கேமில் ஓட்டிப் பார்த்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே வேகம்தான். 2080 டிஐ தலைமுறையில் முழு எண் கணக்குக்கென்று தனி அலகுகள் இருந்தன. அடுத்த தலைமுறையில் அந்த அலகுகளே தசமக் கணக்கும் போடும்படி மாற்றினார்கள். என்விடியா அவற்றையும் கோர் கணக்கில் சேர்த்துவிட்டது. முழு எண் வேலை வந்தால் அந்தக் கோர்கள் அந்தப் பக்கம் போய்விடும். டெராஃபிளாப்ஸ் (விநாடிக்கு எத்தனை லட்சம் கோடி தசமக் கணக்கு) எண்ணும் இதே கோர்களை வைத்துப் போடுவதுதான், அதனால் தலைமுறை மாறும்போது அதையும் நம்ப முடியாது.

தலைகீழாகவும் நடக்கும். 3060-இல் 3584 கோர், 4060-இல் 3072 கோர். ஆனால் வேகம் 4060-க்குத்தான். கிளாக் (சிப் துடிக்கும் வேகம்) மிக அதிகம், சிப்புக்கு உள்ளேயே இருக்கும் வேகமான சிறு நினைவகமான எல்2 கேஷ் 3 எம்பியிலிருந்து 24 எம்பியாகிவிட்டது. இந்தக் கேஷ் இருப்பதால் மெமரி பஸ் (மெமரிக்கும் சிப்புக்கும் நடுவிலுள்ள பாதை) அகலத்தை மட்டும் வைத்து "128 பிட்டா, தேறாது" என்று தள்ளுவதும் சரியில்லை. ஆனால் 3060-இல் 12 ஜிபி மெமரி இருக்கிறது, 4060-இல் 8 ஜிபிதான். கேமில் டெக்ஸ்சரை (பரப்புகளின் படத் தரத்தை) உச்சத்தில் வைத்து அந்த 8 ஜிபி நிறைந்துவிட்டால் மெதுவான கார்டு முந்திவிடும். சராசரி எஃப்பிஎஸ்ஸை (விநாடிக்கு எத்தனை ஃபிரேம் என்ற எண்) மட்டும் பார்த்தால் அந்தத் திக்கல் தெரியாது; கீழ் 1 சதவீத எண்ணையும் (மிக மெதுவான 1 சதவீத ஃபிரேம்களின் வேகம்) சேர்த்துப் பாருங்கள்.

பெயர் ஒன்று என்பதால் கார்டும் ஒன்று என்று நினைக்க வேண்டாம். ஜிடி 1030-ஐ ஜிடிடிஆர்5 மெமரியோடும் விற்றார்கள், பிறகு டிடிஆர்4 மெமரியோடும் விற்றார்கள். முதலாவதின் மெமரி வேகம் விநாடிக்கு 48 ஜிபி, இரண்டாவதில் 17 ஜிபி கூட இல்லை. 1060-இன் 3 ஜிபி, 6 ஜிபி வகைகளில் மெமரி மட்டுமல்ல, கோர் எண்ணிக்கையும் வேறு. லேப்டாப்பில் இதைவிட மோசம்: 4090 என்று ஒட்டியிருக்கும் லேப்டாப்பில் இருப்பது டெஸ்க்டாப் 4080-இன் சிப். அதற்கு ஒதுக்கிய வாட் அளவு தெரியாமல் லேப்டாப் கார்டை ஒப்பிடுவது வீண்.

எனக்கு எரிச்சல் தருவது கம்பெனிக்காரர்களின் பட்டை வரைபடம். 2025 ஜனவரியில் ஆர்டிஎக்ஸ் 5070-ஐ அறிமுகப்படுத்தும்போது, 549 டாலருக்கு 4090-இன் வேகம் என்றார்கள். ஒவ்வொரு உண்மையான ஃபிரேமுக்கும் நடுவில் ஏஐ உருவாக்கிய ஃபிரேம்களையும் எண்ணினால்தான் அந்தக் கணக்கு வரும். அப்படிச் செருகும் ஃபிரேம் படத்தை வழவழப்பாக்கும். மவுஸ் அசைத்ததும் துப்பாக்கி திரும்பும் வேகத்தைக் கூட்டாது. பழைய கார்டோடு ஒப்பிடும்போது இரண்டிலும் இந்த ஃபிரேம் செருகலை அணைத்துவிட்டு, ஒரே ரெசல்யூஷனில் முதலில் பாருங்கள். டிஎல்எஸ்எஸ்ஸின் (குறைந்த ரெசல்யூஷன் படத்தை ஏஐ கொண்டு பெரிதாக்கும் என்விடியா வசதி) தரம் நன்றாக இருந்தால் அதைத் தனியாகச் சேர்த்துக்கொள்ளலாம், தப்பில்லை.

மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில் என்று கல்யாண வீடியோ எடிட் செய்பவர்கள் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் நிறைய. அவர்களும் கேம் எஃப்பிஎஸ் பார்த்துக் கார்டு வாங்குவதுதான் எனக்குப் புரியாத விஷயம். இப்போதைய கேமராக்கள் பல 10 பிட் 4:2:2 ஹெச்.265-இல் (நிறத் தகவல் அதிகமுள்ள வீடியோ வகை) பதிவு செய்கின்றன. என்விடியாவில் 50 வரிசைக்கு முன்பு வந்த எந்தக் கார்டும் அந்த வகையை ஹார்டுவேரில் டிகோட் செய்யாது (சுருக்கிய வீடியோவை விரித்துத் தராது), 4090 உட்பட. இன்டெல் 11-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸரோடு வரும் சாதாரண கிராபிக்ஸே அதைச் செய்துவிடும். ஆனால் கொஞ்சம் விலை குறைகிறதே என்று பெயரின் முடிவில் எஃப் போட்ட பிராசஸரை வாங்கியிருந்தால் அந்த கிராபிக்ஸே இருக்காது. டைம்லைன் இழுக்கிறது என்றால் 3060-ஐ விற்று 4070 வாங்கும் முன் இதைப் பாருங்கள்.

அப்புறம், மிச்ச கம்ப்யூட்டர். நான்காம் தலைமுறை ஐ5-இல், ஒற்றை ரேம் குச்சியோடு, 1080பி மானிட்டரில் இரண்டு கார்டையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்து "வித்தியாசமே இல்லை" என்பார்கள். அங்கே திணறியது பிராசஸர். ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி மாதிரி கார்டுக்கு மதர்போர்டும் முக்கியம். அது வெறும் நான்கு பிசிஐஇ லேன்களில் (போர்டோடு தரவு போய்வரும் பாதைகள்) ஓடுவது, பழைய பிசிஐஇ 3.0 போர்டில் போட்டால் பாதையின் வேகம் பாதியாகிவிடும்.

மின்சாரத்தையும் ஒப்பீட்டில் சேர்க்க வேண்டும். 1080 டிஐ 250 வாட், 4060 வெறும் 115. மழைக்காலம் ஆண்டுக்கு இரண்டு தடவை வரும் நம் ஊரில் கரண்ட் போவதும் வருவதும் புதிதல்ல. வீடுகளில் இருக்கும் 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். 250 வாட் கார்டு, அதோடு பிராசஸர், மானிட்டர் என்று சேர்ந்தால் கரண்ட் போன நொடியே யுபிஎஸ்ஸும் கைவிட்டுவிடலாம். தினம் ஐந்து மணி நேரம் முழு லோடில் ஓட்டினால் இரண்டு மாத பில்லில் சுமார் 40 யூனிட் வித்தியாசம்.

பழைய கார்டின் அன்றைய விமர்சனத்தை இன்றைய செகண்ட் ஹேண்ட் கார்டுக்குப் பொருத்துவது இன்னொரு சறுக்கல். அந்தச் சோதனை புதிய கார்டில் நடந்தது. உங்கள் கைக்கு வருவதில் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும், ஃபேன் தேய்ந்திருக்கும். குளச்சல், முட்டம் மாதிரி கடலோரத்தில் இருந்த கார்டு என்றால் துரு பிடித்த பிராக்கெட்டைப் பார்த்ததுமே உப்புக்காற்று என்ன செய்திருக்கிறது என்று தெரிந்துவிடும். விற்பவரிடம் அரை மணி நேரமாவது முழு லோடில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். சூடு ஏறி கிளாக் இறங்குகிறதா என்று கவனியுங்கள். கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளையும் திறந்து பாருங்கள். பழைய ஜிடிஎஸ் 450-இல் பயாஸை (கார்டுக்குள் பதிந்த மென்பொருளை) மாற்றி 1050 டிஐ என்று விற்ற காலம் உண்டு, அந்தப் போலியை அது காட்டிக்கொடுத்துவிடும்.

டிரைவர் ஆதரவு வேகப் பட்டியலில் வராது, ஆனால் பழைய கார்டின் ஆயுளை அதுதான் முடிவு செய்கிறது. 10 வரிசைக்கும் 900 வரிசைக்கும் புதிய கேம்களுக்கான டிரைவரை என்விடியா 2025-உடன் நிறுத்திவிட்டது. இனி 2028 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும். ரே டிரேசிங் (ஒளிக்கதிரின் போக்கைக் கணக்கிட்டுக் காட்சி வரைதல்) ஹார்டுவேர் இல்லாமல் திறக்கவே மறுக்கும் கேம்களும் வரத் தொடங்கிவிட்டன. அங்கே 1080 டிஐ எத்தனை எஃப்பிஎஸ் தரும் என்ற கேள்விக்கே இடமில்லை. பழைய கேம்களை மட்டும் ஆடுபவருக்கு, விலையும் சூடும் சரியாக இருந்தால், அது இன்னும் நல்ல கார்டுதான்.