தரங்கம்பாடிக்குப் போனால் கோட்டையோடு திரும்பிவிடாதீர்கள்

வெளிநாட்டிலிருந்து வருபவர்களின் பயணத் திட்டத்தில் சிதம்பரம், தஞ்சாவூர், வேளாங்கண்ணி எல்லாம் இருக்கும். தரங்கம்பாடிக்கு மட்டும் போகிற வழியில் ஒரு மணி நேரம் ஒதுக்குவார்கள். டேனிஷ்காரர்களின் பழைய கோட்டை முன்னால் ஒரு படம், கடலைப் பார்த்து ஒரு படம், வண்டி கிளம்பிவிடும். அப்படிச் செய்யாமல் ஓர் இரவு தங்குங்கள். சிதைந்துகொண்டிருந்த கடலோர ஊரை எப்படி மீட்கலாம், அதில் எது கைகூடியது, எது கைகூடவில்லை என்பதை நடந்தே பார்க்க இதைவிடப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் எனக்குத் தெரியவில்லை.

ரயிலில் வந்தால் மயிலாடுதுறையில் இறங்கி, பொறையாறு வழியாகப் பஸ். யாழ்ப்பாணம் போய்விட்டு இந்தப் பக்கம் வருபவர்களுக்குக் காங்கேசன்துறை–நாகப்பட்டினம் கப்பல் இருக்கிறது. 2023 அக்டோபரில் தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கிய சேவை அது. கடல் பொல்லாத மாதங்களில் நம்ப முடியாது, விசாரித்துவிட்டுப் பயணச்சீட்டு எடுங்கள். நாகையிலிருந்து நாகூர், காரைக்கால் தாண்டி வடக்கே வந்தால் தரங்கம்பாடி. காரைக்கால் புதுச்சேரி ஆட்சிப் பகுதி. மலிவாகக் கிடைக்கிறதே என்று பாட்டில் வாங்கி வைத்துக்கொண்டு வராதீர்கள், எல்லையில் வண்டியைச் சோதிப்பார்கள். ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மழையும் புயலும்தான்.

1792இல் கட்டிய நகர வாயிலில் வண்டியை விட்டு இறங்கி நடங்கள். தஞ்சை ரகுநாத நாயக்கருடன் 1620இல் ஒப்பந்தம் போட்டு டேனிஷ்காரர்கள் கால் ஊன்றிய ஊர் இது. 1845இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டார்கள். அப்புறம் வணிகமும் ரயிலும் நாகப்பட்டினத்தோடு போக, இந்தத் தெருக்கள் ஓய்ந்துபோயின. ஓய்ந்துபோனதால்தான் பழைய வீடுகள் இடிபடாமல் மிஞ்சின என்றும் சொல்லலாம். சீயோன் ஆலயம் 1701, ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு அடக்கமான புதிய எருசலேம் ஆலயம் 1718. இரண்டும் ஒரே தெருவில், பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். கோட்டை அருங்காட்சியகத்துக்குப் பொதுவாக வெள்ளிக்கிழமை விடுமுறை.

நேரம் செலவிட வேண்டியது பொற்கொல்லர் தெருவில். பழைய கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு இந்தத் தெருவில் ஆளுநர் மாளிகை மாதிரியான பெரிய கட்டடத்தைத் தேடிப் போகவில்லை. திண்ணை, மரத்தூண், நடுமுற்றம், நாட்டு ஓடு என்று சாதாரணத் தமிழ் வீடுகளை எடுத்துச் சீரமைத்தது. சுவரைக் கிட்டே போய்ப் பாருங்கள். சுண்ணாம்புப் பூச்சு உள்ள சுவர் கொஞ்சம் மங்கலாக, கை வைத்தால் குளிர்ச்சியாக இருக்கும். சற்றுத் தள்ளி, சிமெண்ட் பூசிய பழைய சுவரைப் பாருங்கள்: தரையிலிருந்து இடுப்பு உயரம் வரை வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும், பூச்சு உப்பிக்கொண்டு நிற்கும், விரலால் தட்டினால் உள்ளே வெற்றிடம் என்று சத்தமே சொல்லிவிடும். நிலத்து ஈரம் செங்கல் வழியாக மேலேறுகிறது. சுண்ணாம்பு அதை வெளியே விடும், சிமெண்ட் அடைத்துவிடும். அடைபட்ட ஈரம் உலரும்போது உப்பு படிகமாகி, செங்கல்லைப் பொடிப் பொடியாக்கும். கடலோரத்தில் பழைய வீட்டைக் கொல்வது பெரும்பாலும் இந்த ‘ரிப்பேர்’தான்.

மாலை ஐந்து மணிக்குக் கோட்டைக்கு முன்னாலுள்ள திடலுக்கு வாருங்கள். ஐஸ் வண்டி, பையன்களின் கிரிக்கெட், வலைவேலை முடித்து வந்து உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள். பழுது பார்த்த கட்டடங்களைவிட இந்த வெறும் திடல்தான் நிரம்புகிறது. ஊரை மீட்கப் பணம் போடுபவர்கள் முதலில் இங்கே வந்து உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

மறுநாள் காலை மாசிலாமணிநாதர் கோயில். பாண்டியர் காலத்துக் கோயிலின் முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. அங்கிருந்து மீனவர் குடியிருப்புக்கு நடங்கள். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, கடலிலிருந்து தள்ளிப் புதிய வீடுகள் கட்டினார்கள். உயிருக்குப் பாதுகாப்பு, சரி. ஆனால் கடலைக் கண்ணால் பார்க்க முடியாத வீட்டில் இருந்துகொண்டு காற்றையும் அலையையும் எப்படிக் கணிப்பது? பலர் தொழிலுக்காகக் கரையிலேயே பகலைக் கழிக்கிறார்கள். அங்கே கேமராவை நீட்டுவதற்கு முன் “எடுக்கலாமா அண்ணே?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். சுனாமியைப் பற்றி அவர்களே பேசினால் கேளுங்கள், நீங்களாகக் கிளற வேண்டாம்.

கைவிடப்பட்ட ஊரையே பார்க்க வேண்டும் என்றால், ராமேஸ்வரம் தீவின் கோடியில் உள்ள தனுஷ்கோடி. 1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு மனிதர் வாழத் தகுதியற்றது என்று அரசு அறிவித்த ஊர். அப்பாவோ தாத்தாவோ போட் மெயில் ரயிலில் வந்து இலங்கையின் தலைமன்னாருக்குக் கப்பல் ஏறிய கதை உங்கள் வீட்டிலும் இருக்கலாம். 2017இலிருந்து தீவின் கடைசி முனையான அரிச்சல்முனை வரை தார்ச்சாலை இருக்கிறது. பவளக்கல் சுவர்களில் ஏறாதீர்கள், பெயர் கீறாதீர்கள். ஊரே இல்லை என்று நினைக்கவும் வேண்டாம்: மணலில் ஊற்றுத் தோண்டி நல்ல தண்ணீர் எடுத்து, குடிசை போட்டு மீனவர்கள் வாழ்கிறார்கள். இருட்டுவதற்குள் திரும்பிவிட வேண்டும்.

இதையெல்லாம் பார்த்துவிட்டு, பூட்டிக் கிடக்கும் நம் பூர்வீக வீட்டையும் எழுப்பலாமே என்று தோன்றினால், முதலில் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை வைத்திருப்பவர்கள் குடியிருப்பு வீடு வாங்கலாம். விவசாய நிலமும் பண்ணை வீடும் விலைக்கு வாங்க முடியாது. கடலோரம் என்றால் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகள் உண்டு, புதுச் சுவர் எழுப்பும் முன் அனுமதி கேட்க வேண்டும். கொத்தனாரைத் தேடும்போது சுண்ணாம்பு வேலை தெரியுமா என்று கேளுங்கள். தெரியும் என்று சொன்னால், அவர் செய்த சுவர் ஒன்றை, ஒரு மழைக்காலம் தாண்டிய சுவரை, காட்டச் சொல்லுங்கள். வீடு முடிந்ததும் யார் குடியிருப்பார்கள் என்பதையும் சித்தப்பா வீட்டாரோடு இப்போதே பேசிவிடுங்கள். கடற்காற்றில் பூட்டி வைத்த வீடு நிலைக்காது.