அறிகுறியே இல்லாத சீலியாக்: நானும் செய்த தவறுகள்

போன மாதம் நண்பர் வீட்டுப் பையன் ஒருவன் போன் செய்தான். "ரத்தத்தில் டிடிஜி, அதான் சீலியாக் இருக்கான்னு காட்டுற எதிர்ப்புப்பொருள், ஏகத்துக்கு ஏறியிருக்காம் அக்கா. எனக்கு வயிற்றுவலி இல்லை, பேதி இல்லை, எடைகூடக் குறையவில்லை. ஆனாலும் ரிப்போர்ட் வந்த அன்றைக்கே கோதுமையை நிறுத்திட்டேன்." குரலில் அவ்வளவு பெருமை. எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. ஏழு வருடத்துக்கு முன் இதே பெருமையோடு இதே வேலையைச் செய்தவள் நான். இந்த இரண்டு வருடத்தில் இப்படிப் பேசியவர்களில் இவன் நான்காவது ஆள்.

சீலியாக் என்பது கோதுமை போன்ற தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தால் சிறுகுடல் சேதமாகும் நோய். பிரெட்டில் குளூட்டன் இருக்கிறது, லேபிளைப் படியுங்கள் என்பதெல்லாம் டயட்டீஷியன் முதல் நாளே சொல்லிவிடுவார். அவற்றை விட்டுவிடுகிறேன்.

டெஸ்ட் முடியும் முன்பே கோதுமையை நிறுத்துவது

என் அக்காவுக்கு ரத்தசோகை. இரும்பு மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கியும் ஹீமோகுளோபின் ஏறவில்லை. காரணம் தேடிப் போனதில் சீலியாக் என்று தெரிந்தது. பெற்றோர், உடன்பிறந்தவர்கள், பிள்ளைகளில் சுமார் பத்தில் ஒருவருக்கு இது இருக்கலாம் என்பதால் என்னையும் ரத்தம் கொடுக்கச் சொன்னார்கள். பாசிட்டிவ். ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்தவர், "இனிமேல் கோதுமையைத் தொடாதீங்க" என்றார். அன்று மாலையே அலமாரியைக் காலி செய்தேன். பிரித்த பிஸ்கட் பாக்கெட், பாதி சாஸ் பாட்டில் எல்லாம் போயிற்று. வீட்டில் எல்லோரும் பாராட்டினார்கள். நோயை உறுதி செய்யும் எண்டோஸ்கோபிக்கு மட்டும் நான்கு மாதம் கழித்துத்தான் போனேன். நிறுத்தியாயிற்றே, என்ன அவசரம்?

அப்போது குடலில் எடுத்த சதையின் பயாப்ஸி ரிப்போர்ட்டில் "லேசான மாற்றம், உறுதியாகச் சொல்ல இயலாது" என்று வந்தது.

வராமல் என்ன செய்யும்? சீலியாக்கில் குடலைத் தாக்குவது நம் உடலின் எதிர்ப்புச் சக்திதான். அதைத் தூண்டிவிடுவது கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றில் உள்ள குளூட்டன். அந்தத் தூண்டுதல் நின்றால் ரத்தத்தில் டிடிஜி இறங்கத் தொடங்கும். சத்தை உறிஞ்சும் விரல்போன்ற குடலுறிஞ்சிகள் தேய்ந்துபோயிருந்தால் அவையும் மெல்ல மெல்ல வளரும். அதாவது டாக்டர் பார்க்க வேண்டிய தடயத்தை நானே நான்கு மாதம் உட்கார்ந்து அழித்திருக்கிறேன்.

வயிற்றுவலியால் துடிப்பவருக்கு இந்தத் தவறு இவ்வளவு தூரம் வினையாகாது. நிறுத்தினால் வலி போகிறது, சாப்பிட்டால் திரும்ப வருகிறது. பயாப்ஸி குழப்பினாலும் அவர் வழி தவற மாட்டார். நமக்கு அது கிடையாது. நிறுத்துவதற்கு முன்னும் நன்றாக இருந்தோம், நிறுத்திய பின்னும் அப்படியேதான் இருக்கிறோம். நம்மிடம் இருக்கும் ஒரே சாட்சி அந்தப் பயாப்ஸி தாள்தான். அது "சொல்ல இயலாது" என்று கைவிரித்துவிட்டால், எட்டாவது மாதம் ஆபீஸில் யாரோ கேக் வெட்டும்போது மனசு கேட்கும்: எனக்கு நிஜமாகவே இது இருக்கிறதா?

எனக்குக் கேட்டது. ஒரு துண்டு சாப்பிட்டேன். ராத்திரி முழுக்க விழித்துக்கொண்டு காத்திருந்தேன். ஓர் ஏப்பம்கூட வரவில்லை. அடுத்த வாரம் இன்னொரு துண்டு. அப்புறம் ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் விதிவிலக்கு. அப்புறம் ஞாயிறு என்ன, புதன் என்ன. இப்படியே இரண்டு வருடம் போயிற்று. டாக்டர் வற்புறுத்தி எடுக்கச் சொன்ன எலும்பு ஸ்கேனில், என் வயதுக்கு இருக்க வேண்டியதைவிட அடர்த்தி நன்றாகவே குறைந்திருந்தது. எலும்பு தேய்வது வலிக்காது என்பதை அன்றுதான் புரிந்துகொண்டேன்.

பிறகு முறைப்படி திரும்ப கோதுமை சாப்பிட்டு மறுபடி எண்டோஸ்கோபி. அந்தப் படத்தை இன்றும் வைத்திருக்கிறேன். சிறுகுடலின் மடிப்புகள் வழவழவென்று ஓடாமல், ஓரத்தை எலி கொறித்து வைத்ததுபோல் இருந்தன. பயாப்ஸியில் மார்ஷ் 3பி, அதாவது குடலுறிஞ்சிகள் பெருமளவு தேய்ந்த நிலை. படத்தைப் பார்த்தபோது எனக்குப் பயத்தைவிட எரிச்சல்தான் அதிகம் வந்தது. "எல்லா டெஸ்ட்டும் முடியும் வரை வழக்கம்போலச் சாப்பிடுங்கள்" என்று அன்றைக்கே ஒரு வரி சொல்லியிருந்தால் இரண்டு வருடம் மிச்சம்.

ஏற்கெனவே நிறுத்திவிட்டவர்களுக்கு வழி இல்லாமல் இல்லை. நிறுத்திய தேதியை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். சில நாள்தான் ஆகியிருந்தால் பெரும்பாலும் எண்டோஸ்கோபியை முன்னால் இழுத்துச் சமாளித்துவிடலாம். மாதங்கள் ஆகியிருந்தால், தினமும் குறைந்தது 3 கிராம் குளூட்டன், அதாவது ஒன்றிரண்டு துண்டு பிரெட், இரண்டு முதல் எட்டு வாரம் வரை சாப்பிட்டுவிட்டுச் சோதிப்பார்கள். இதை நீங்களாகவே தொடங்க வேண்டாம். சிலருக்கு நீண்ட இடைவெளிக்குப் பிறகு உடம்பு கடுமையாக முறுக்கிக்கொள்ளும். எச்.எல்.ஏ. மரபணு டெஸ்ட் ஒன்றும் உண்டு. கோதுமையை நிறுத்தியிருந்தாலும் அதன் முடிவு மாறாது. அதில் தேடும் டிக்யூ2, டிக்யூ8 என்ற மரபணு வகைகள் இரண்டுமே இல்லையென்றால் சீலியாக் இல்லை என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். ஆனால் அவை இருப்பதாலேயே நோய் இருக்கிறது என்று ஆகாது. மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அவற்றோடுதான் திரிகிறார்கள்.

எண்டோஸ்கோபிக்குப் போகும்போது எத்தனை இடத்தில் சதை எடுப்பார்கள் என்றும் கேளுங்கள். பாதிப்பு திட்டுத்திட்டாக இருக்கும் என்பதால், முன்சிறுகுடலின் தொடக்கத்தில் ஒன்றிரண்டும் அதைத் தாண்டி நான்கும் எடுப்பது நல்லது. குழந்தைகள் விஷயம் வேறு. டிடிஜி உச்சவரம்பைப் போல 10 மடங்கோ அதற்கு மேலோ இருந்து, இரண்டாவது ரத்தமாதிரியில் இ.எம்.ஏ. என்ற இன்னொரு எதிர்ப்புப்பொருள் டெஸ்ட்டும் பாசிட்டிவாக வந்தால், பயாப்ஸி இல்லாமலே முடிவு செய்யலாம் என்று ஐரோப்பியக் குழந்தை மருத்துவர்களின் 2020 வழிகாட்டுதல் சொல்கிறது. அதுவும் டாக்டர் எடுக்க வேண்டிய முடிவு.

போன் செய்த பையன் இப்போது டாக்டர் சொன்னபடி தினமும் இரண்டு துண்டு பிரெட்டை மருந்துபோல் விழுங்கிக்கொண்டு எண்டோஸ்கோபி தேதிக்குக் காத்திருக்கிறான். என்மேல் கொஞ்சம் கோபம்தான்.

"சாப்பிட்டுப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை"

ஆகாது. ஆகாததால்தானே இதற்கு அறிகுறியற்ற சீலியாக் என்று பெயர்.

2007-ல் வெளியான ஓர் இத்தாலிய ஆய்வில், குளூட்டன் இல்லாத உணவுக் கட்டுப்பாட்டில் இருந்த நோயாளிகளுக்குத் தினமும் 50 மில்லிகிராம் குளூட்டனை மூன்று மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். குடலில் சேதம் தெரிந்தது. ஒரு துண்டு பிரெட்டில் சுமார் 2 கிராம் குளூட்டன் இருக்கும். ஆக, அந்தத் துண்டை நாற்பதாகப் பிய்த்தால் வரும் ஒரு துணுக்கு, தினமும். அதைத் தின்றுவிட்டு வயிறு ஏதாவது சொல்கிறதா என்று காதுகொடுத்துக் கேட்பதில் அர்த்தமே இல்லை. நம் வயிறு இந்த விஷயத்தில் பேசாது.

இதன் மறுபக்கமும் உண்டு. நமக்கு எதிர்வினை தெரியாததால், விருந்து வீட்டுக்காரர் "துளிதான் போட்டேன், பரவாயில்லையா?" என்றால் "பரவாயில்லை" என்றுவிடுவோம். வாந்தி எடுப்பவர் அப்படிச் சொல்ல மாட்டார். நான் இப்போதெல்லாம் "எனக்கு ஒத்துக்காது" என்று மட்டும் சொல்கிறேன். சரி, முழு உண்மை இல்லைதான். ஆனால் எதிர்ப்புச் சக்தி, குடலுறிஞ்சி என்று விளக்கம் கொடுத்துப் பார்த்தேன். பாயசம் ஆறிப்போனதுதான் மிச்சம்.

'கோதுமை சேர்க்கவில்லை' என்ற லேபிள்

பார்லி மால்ட்டுக்கும் அந்த லேபிளுக்கும் பகை கிடையாது. 'குளூட்டன்-ஃப்ரீ' என்று இருக்க வேண்டும். சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் வைத்த அளவு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்குள்.

ஓட்ஸ்

கலப்படமில்லாத குளூட்டன்-ஃப்ரீ ஓட்ஸ் பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்ளும், சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. அறிகுறி இல்லாத நமக்கு, நாம் எந்தப் பக்கம் என்று தானாகத் தெரிய வழியில்லை. டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள், பிறகு டிடிஜி பாருங்கள்.

பிரெட் தூள் ஒட்டிய கத்தியும் ஜாம் பாட்டிலும்

தனி பாட்டில். விவாதம் வேண்டாம்.

டிடிஜி நார்மல் ஆனதும் டாக்டரை மறப்பது

டிடிஜி இறங்குவதற்கே ஆறு மாதம், ஒரு வருடம், சிலருக்கு அதற்கும் மேல் ஆகும். இறங்கியதாலேயே குடல் ஆறிவிட்டது என்றும் சொல்ல முடியாது. பெரியவர்களுக்குக் குடல் ஆற இரண்டு வருடத்துக்கு மேலும் எடுக்கலாம். வலியே இல்லாதவர்கள்தான் முதலில் மருத்துவமனைப் பக்கம் போவதை நிறுத்துகிறார்கள். ஆண்டுக்கு ஒருமுறையாவது டிடிஜியோடு இரும்பு, ஃபோலேட், பி12, வைட்டமின் டி, தைராய்டு பார்க்கச் சொல்லுங்கள். எலும்பு ஸ்கேன் எப்போது என்று நீங்களே கேளுங்கள். சீலியாக்கில் சிலருக்கு மண்ணீரல் சரியாக வேலை செய்யாது. அதனால் நிமோனியா போன்ற தொற்றுகளைத் தடுக்கும் நிமோகாக்கல் தடுப்பூசி தேவையா என்பதையும் விசாரியுங்கள். என்னிடம் யாரும் தானாகச் சொல்லவில்லை.

குளூட்டன்-ஃப்ரீ பிஸ்கட்டே சாப்பாடு

முதல் வருடம் எனக்கு ஆறு கிலோ ஏறியது.

வீட்டில் மற்றவர்களை விட்டுவிடுவது

ரத்த உறவில் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் எல்லோருக்கும் டிடிஜி பார்க்க வேண்டும். கூடவே மொத்த ஐஜிஏவும் (ஒரு வகை எதிர்ப்புப்பொருள்) கேளுங்கள். சீலியாக் உள்ளவர்களில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு ஐஜிஏ குறைபாடு இருக்கும். அவர்களுக்கு வழக்கமான டெஸ்ட் பொய்யாக நெகட்டிவ் காட்டும். இன்று நெகட்டிவ் என்றால் ஆயுசுக்கும் நெகட்டிவ் என்று இல்லை, பின்னாளிலும் வரலாம்.

அக்காவுக்கு இருக்கிறது, எனக்கு இருக்கிறது. அண்ணன் மட்டும் மூன்று வருடமாக ரத்தம் கொடுக்க வர மறுக்கிறார். போன வாரமும் கேட்டேன். சாண்ட்விச்சை மென்றுகொண்டே, "எனக்குத்தான் ஒன்றும் இல்லையே" என்றார்.